வாரம் முழுக்க சேலம், ஞாயிறு ஏற்காடு: பழைய பிக்கப்பைத் தயார் செய்வது எப்படி

பழைய பிக்கப் வாங்கியவர்கள் முதல் வாரமே செய்ய நினைக்கும் வேலை ஒன்று உண்டு. முன்னால் ஒரு இரும்புச் சட்டம், கூரை மேல் நீளமாக ஒரு எல்இடி விளக்கு. நானும் அதைக் கேட்டுத்தான் பட்டறைக்குப் போனேன். என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் பதிலே சொல்லவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார், டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். சக்கரம் 'டக்' என்று ஆடியது.

"இதை வெச்சுக்கிட்டு லைட்டு கேக்குதா தம்பி?"

ஆடியது பால் ஜாயின்ட், முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் மூட்டு. அன்றைக்கு விளக்குக்கு எடுத்துப் போன பணம் அதற்குப் போனது. அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். திங்கள் முதல் சனி வரை சேலத்து நெரிசலில் வேலைக்கு ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சேர்வராயன் மலையில் தோட்டத்து மண்பாதையில் இறக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது. ஒரே வண்டி இரண்டையும் செய்தாக வேண்டும். அதனால் எதை மாட்டினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: மழையில் மலை மேல் நாகலூர்ப் பக்கம் உதவுமா? மறுநாள் காலை சேலம் 'ஐந்து ரோடு' சந்திப்பு நெரிசலில் தொல்லை கொடுக்காமல் இருக்குமா?

வண்டி வாங்கும்போது

பழைய சந்தையில் பொலிரோ கேம்பர், ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜீனான், இசுஸு வி-கிராஸ் எல்லாம் கிடைக்கும். எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உதிரிபாகம் சேலத்திலேயே கிடைக்கிற வண்டி நல்ல வண்டி, அவ்வளவுதான்.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி சொந்த உபயோகமா, சரக்கு வண்டியா என்று முதலில் பாருங்கள். மஞ்சள் போர்டு சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். வெள்ளை போர்டுக்கு முதல் பதிவு 15 வருடம், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 14 வருட வண்டியை விலை குறைவு என்று வாங்கினால், அடுத்த வருடமே ஆய்வாளர் முன்னால் நிறுத்த வேண்டிவரும். நீங்கள் செய்த மாற்றம் எல்லாவற்றையும் அவரும் பார்ப்பார்.

அப்புறம் சேஸிஸ், அதாவது வண்டி முழுக்க உட்கார்ந்திருக்கும் அடிச்சட்டம். தோட்டத்தில் ஓடிய பிக்கப் என்றால் கட்டாயம் கீழே படுத்துப் பாருங்கள். அந்த வண்டிகளில் வருடக்கணக்கில் உர மூட்டை ஏற்றியிருப்பார்கள். சிந்தின உரம் மழையில் கரைந்து, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் மூலைக்கும் சேஸிஸ் மடிப்புக்கும் போய் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும். துருப்பிடித்த இடம் 'பொத்' என்கும். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த மாதிரி பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் அடியில் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அழுக்கான அடிப்பாகத்தை நம்பலாம், அது எதையும் மறைக்கவில்லை.

நாலு சக்கர ஓட்டம் (எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுற்ற வைக்கும் 4x4) கட்டாயமா? இல்லை. பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள வண்டியே, நல்ல டயரும் பின்னால் கொஞ்சம் பாரமும் இருந்தால், காய்ந்த மண்பாதை எல்லாவற்றிலும் ஏறும். மழைக்குப் பின் குழைந்த செம்மண் ஏற்றத்தில்தான் தோற்கும். நாலு சக்கர வண்டி வாங்குவதானால், மண் தரையில் நிறுத்தி 4எச் (வழக்கமான வேகத்துக்கு நாலு சக்கர ஓட்டம்), 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு) இரண்டும் விழுகிறதா, முன் ஷாஃப்ட் நிஜமாகவே சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பல வருடம் யாரும் தொடாத லிவர் துருவேறி இறுகியிருக்கும்.

முதல் வேலை: பிரேக்கும் கொதிப்பும்

பட்ஜெட்டில் பாதியை இங்கே ஒதுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத செலவு, பெருமைக்கும் ஆகாது. ஆனால் ஏற்காடு மலைப்பாதை வண்டியைச் சோதிப்பது இதில்தான்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டு டன் எடையுள்ள வண்டி 1100 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், அறுபது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினிடம் கொடுப்பதா, பிரேக்கிடம் கொடுப்பதா என்பது உங்கள் கியரில் இருக்கிறது. ஏறும்போது எந்தக் கியர் கேட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களோடு நான் மலைக்குப் போவதில்லை.

பழைய வண்டியில் பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். இறக்கத்தில் சூடேறும்போது உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போகும். அதனால் வாங்கியதும் முழுதாக மாற்றிவிடுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முன் பேட், பின் லைனர், வீல் சிலிண்டர் கசிவு, ரப்பர் ஹோஸில் வெடிப்பு எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

அடுத்தது ரேடியேட்டர். இதில் தவறு என்னுடையது. வெயில் காலத்தில் அளவு குறைந்ததென்று வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டினேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தெரியும். அதே பொருக்கு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும் என்று ஏனோ தோன்றவில்லை. மே மாதம் ஒரு மத்தியானம், ஏ.சி. போட்டு, இரண்டாம் கியரில் பாதி மலை ஏறியிருப்பேன். முள் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கி உட்கார்ந்திருந்தேன். மேலே போன பஸ்ஸில் இருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யுங்கள், மூடியின் ரப்பரைப் பாருங்கள், தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) புதிதாகப் போடுங்கள். கூலன்ட்டைக் கலந்தே விற்பதாக வாங்கி ஊற்றுங்கள், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கலக்குங்கள். சில பட்டறையில் தெர்மோஸ்டாட்டையே எடுத்து வீசிவிட்டு "இனிமே சூடாகாது" என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த எஞ்சின் டீசலை அதிகம் குடிக்கும், அடைப்பும் அங்கேயே இருக்கும்.

ஆடுகிற பாகங்கள்

கடப்பாரைச் சோதனையை உங்கள் வண்டிக்கும் செய்யச் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய இணைப்புகள்: பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங், ஸ்பிரிங் பட்டை புஷ், ஷேக்கிள் பின், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ். இவற்றில் ஆட்டம் வைத்துக்கொண்டு பெரிய டயர் மாட்டினால் ஆட்டம் இரட்டிப்பாகும், ஸ்டீயரிங் நடுங்கும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் பின் அச்சுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் பின் அச்சு ஹவுசிங் எல்லாவற்றிலும் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் சீலையும் மாற்ற வேண்டும்.

டயர்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் டயரை மாற்றுங்கள்.

கட்டை கட்டையாகப் பல் வைத்த சேற்று டயர் பார்க்க அழகு. ஆனால் தார் ரோட்டில் 'ங்ங்ங்' என்று பாடிக்கொண்டே வரும், நனைந்த தாரில் பிடிமானம் குறையும், சீக்கிரம் தேயும். வாரத்தில் ஆறு நாள் தார், ஒரு நாள் மண் என்றால் இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும். வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள், கம்பெனி டயரில் இருந்ததை விடக் குறையவே கூடாது. கார் டயர் பிக்கப்புக்கு ஆகாது.

அளவிலும் ஆசை வேண்டாம். 215/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75 ஆர்15 சுமார் 733. நான்கு சதவீதத்துக்கு மேல் பெரிசு. மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 62, 63-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவையும் அதே அளவுக்குக் குறையும், கொண்டை ஊசியில் அது தெரியும். உங்கள் மாடலின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். சட்டத்துக்கும் அதுதான் பாதுகாப்பு.

காற்றில் இன்னொரு சூட்சுமம். தாருக்குக் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு. சேற்றில் இறங்கும் முன், பின்னால் பாரம் இல்லையென்றால், 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து உட்கார்ந்து பிடிக்கும். பாதி விலையில் நாலு சக்கர ஓட்டம் கிடைத்த மாதிரி. ஆனால் தாருக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்றுப் பிடிப்பது. குறைந்த காற்றோடு இறக்கத்தில் வளைவு திரும்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். மலை மேல் ஞாயிறு சாயங்காலம் பஞ்சர் கடையைத் தேடி அலைய முடியாது. அதனால் பேட்டரியிலிருந்து நேராக இணைக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சின்ன ரகம் இந்த அளவு டயருக்கு மூச்சு வாங்கும், ஃப்யூஸும் போகும்.

பட்டையும் உயரமும்

பின்னால் இருக்கும் ஸ்பிரிங் பட்டை பாரத்துக்காகச் செய்தது. காலியாக ஓட்டினால் கொண்டலாம்பட்டி மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் முதுகில் விழும். பட்டை ஒன்றைக் கழற்றிவிடச் சொல்வார்கள். மூட்டை ஏற்றும் எண்ணம் துளியாவது இருந்தால் கழற்றாதீர்கள். அதற்குப் பதில் பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, புஷ் மாற்றி, நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள். தொட்டியில் பின் அச்சுக்கு நேர் மேலே 80, 100 கிலோ நிரந்தரமாக இருக்கட்டும். என் வண்டியில் அது போல்ட் போட்டு இறுக்கிய டூல் பெட்டி. ஈரத்தில் பின்பக்கம் வழுக்குவதும் இதனால் குறைந்தது. சும்மா மணல் மூட்டையைப் போட்டு வைக்காதீர்கள், திடீர் பிரேக்கில் அது கேபினுக்கு வந்து சேரும்.

உயரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஏமாந்தேன். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், மூன்று அங்குலம் ஏற்றித் தருகிறேன் என்றார்கள். பின்னால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை, முன்னால் டார்ஷன் பாரை (ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பி) முறுக்கித் தூக்கல். ஒரே நாளில் முடிந்தது. வண்டி கம்பீரமாக நின்றது, நானும் நாலு போட்டோ எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து நம் மெக்கானிக் அண்ணன் வேறு வேலைக்காக வண்டியைச் சேஸிஸில் தூக்கினார். பின் அச்சு தன் எடையில் கீழே தொங்கியது. அவர் பேசாமல் என் கையைப் பிடித்து அச்சின் நடுவில் போகும் பிரேக் ஹோஸில் வைத்தார். வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. நுனியில், உலோகப் பூண் ஆரம்பிக்கும் இடத்தில், ரப்பர் வெளிறி முடி அளவுக்குக் கீறல் விட்டிருந்தது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஹோஸ்தான் அச்சைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

முன்னால் நடந்ததும் அதே கூத்துதான். முறுக்கிய டார்ஷன் பாரால் உயரம் கூடியது, ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமே மிச்சமில்லை. சின்னக் குழிக்குக்கூட 'டங்' என்று அடித்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி வைத்தேன். தொய்ந்துபோன பட்டையை மாற்றியதிலேயே பின்பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல் ஏறிவிட்டது. அது வண்டியின் சொந்த உயரம், இத்தனை நாள் தொலைந்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சின் ஆயில் சம்ப்புக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தகடு ஒன்றை போல்ட்டில் மாட்டினால் தோட்டத்துக் கல்லுக்கு அது போதும். ஆயில் மாற்ற ஓட்டை விடச் சொல்ல மறக்காதீர்கள். சேஸிஸில் வெல்டிங் வேண்டாம், ஏற்கனவே இருக்கும் துளைகளில் மாட்டுங்கள்.

விளக்கு

பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். பேட்டரியிலிருந்து நேராக, ரிலே (சின்ன மின் ஸ்விட்ச்) வைத்து, தடித்த வயர் இழுத்தால் அதே 60/55 வாட் பல்பே பளிச்சென்று எரியும்.

மலையில் பனிமூட்டம் இறங்கினால் உயரத்தில் இருக்கும் விளக்கு எதிரி. கூரையில் எல்இடி போட்டவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும், வேறு ஒன்றும் தெரியாது. பம்பர் உயரத்தில், தரையை நோக்கி, இரண்டு மஞ்சள் பனி விளக்கு. ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். தோட்டங்களில் காட்டெருது உண்டு. இரவில் கறுப்பு உடம்பு கண்ணில் படாது, கால்களின் வெள்ளைதான் முதலில் தெரியும். அதற்கும் தாழ்ந்த வெளிச்சம்தான் உதவும்.

மாட்டிக்கொண்டால் இழுக்க

முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கி இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. அது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும், உலகம் முழுக்க ஆட்கள் இதில் செத்திருக்கிறார்கள். நைலான் பெல்ட் ஒன்று, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம் (இதுவும் ஷேக்கிள்தான்) இரண்டு, மண்வெட்டி ஒன்று, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. இழுக்கும்போது பெல்ட்டின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பாதி நேரம் மண்வெட்டியே வேலையை முடித்துவிடும். வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. முன்னால் மாட்டும் இரும்புச் சட்டத்துக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எதைச் செய்யும் முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள். பழுது பார்ப்பதும், பழசை அதே அளவில் புதுசாக்குவதும் மாற்றம் ஆகாது. மேலே நான் சொன்னதில் பெரும்பகுதி அந்த வகைதான்.

தொட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். காப்பித் தோட்டத்துப் பாதைகள் தனியார் நிலம், காப்புக் காடு வனத்துறையுடையது. இரண்டிலும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. தெரிந்தவர் தோட்டம், கேட்டுப் போகிற பாதை, இது போதும் பழகுவதற்கு.

முதல் ஓட்டம்

கோடை விழா நேரத்தையும் ஞாயிறு கூட்டத்தையும் தவிர்த்து, ஒரு வாரநாள் விடியலில் கிளம்புங்கள். மழைக்காலம் என்றால் முந்தின நாளே பாதை நிலவரம் விசாரியுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையிலேயே மண் சரிந்தது. குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்கும்போது நீங்கள் நின்று கொடுங்கள்.

தாரில் 4எச் போடாதீர்கள். இந்த வண்டிகள் பலவற்றில் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் பிரித்துவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் ஓட முடியாமல் இறுகும். மண்ணில் அது சறுக்கிச் சரியாகிவிடும், தாரில் கியரும் கிராஸும் உடையும். மண்பாதை தொடங்கும் இடத்தில், சேற்றுக்குள் இறங்கும் முன்னாலேயே போடுங்கள். புதைந்த பிறகு போடுவது வெள்ளம் வந்த பிறகு வரப்பு கட்டுவதுதான். செங்குத்தான இறக்கத்தில் 4எல், முதல் கியர், கால் கிளட்சில் இல்லாமல். வண்டி தானே நடந்து இறங்கும். முதல் தடவை பயமாக இருக்கும், காலை எடுக்க மனசு வராது. எடுங்கள்.

இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்துங்கள். டீ சொல்லிவிட்டு நாலு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதை விட அதிகமாகத் தகித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. வீட்டுக்குப் போய் எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் இதழ்களில் ஒட்டிய சேற்றை, காய்வதற்கு முன், எஞ்சின் பக்கமிருந்து மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பட்டையைக் கழற்றி மாட்டியிருந்தால் 500 கிலோமீட்டரில், பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். என் வண்டியில் முதல் ஞாயிறு விழுந்த செம்மண்ணில் ஒரு துளசிச் செடி வைத்திருக்கலாம்.